வாசகர் கேள்வி – பதில்: கேரட் விற்கும் கொரியப் பாட்டி

சென்ற இதழில் கொரிய ஊறுகாயான கிம்ச்சியைப் பற்றிய கேள்வி ஒன்றுக்கு விடை எழுதும்போது, மத்திய ஆசியாவில் நான்கைந்து தலைமுறைகளாகக் கொரியர்கள் வாழ்கிறார்கள், கேரட்டில் சாலட் செய்கிறார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேசையை நிறைத்துவிட்டதால், இந்த முறை இப்பகுதி முழுவதும் அவர்களுக்கே. மற்றவற்றைக் கேட்டு எழுதியவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கேள்வி: என் மகள் கஜகஸ்தானின் அல்மாட்டி நகரில் மருத்துவம் படிக்கிறாள். அங்குள்ள பச்சைச் சந்தையில் கொரிய முகச்சாயல் கொண்ட ஒரு பாட்டியிடம் வாரந்தோறும் கேரட் சாலட் வாங்குவது அவள் வழக்கம். கொரியத் தொடர்களைப் பார்த்துப் பார்த்தே கொரிய எழுத்தைக் கற்றுக்கொண்டவள் அவள். ஒருநாள் ஆசையாகக் கொரிய மொழியில் பேச்சுக் கொடுத்திருக்கிறாள். பாட்டி சிரித்துக்கொண்டே, "அந்தக் கொரிய மொழி எனக்கு வராது, மகளே" என்று ரஷ்ய மொழியில் சொன்னாராம். கைப்பேசியில் காட்டிய எழுத்தையும் அவரால் படிக்க முடியவில்லை. ஆனால் தாம் கொரியர் என்பதில் அவருக்குச் சிறிதும் ஐயமில்லை. இது எப்படி, ஐயா?
– ச. மீ., திருநெல்வேலி

பதில்: பாட்டி சொன்னதில் 'அந்த' என்ற சொல்லைக் கவனியுங்கள், அம்மா. அவருக்கு வராதது உங்கள் மகள் தொடர்களில் கேட்டுப் பழகிய சியோல் நகரத்துக் கொரிய மொழி. அவர் சிறுவயதில் வீட்டில் கேட்ட பேச்சு வேறு. அது கொரியாவின் வடகோடியில் உள்ள ஹம்கியோங் மாகாணத்து வட்டார வழக்கிலிருந்து வந்தது. அதற்குக் கொர்யோ மார் என்று பெயர். அதைப் பேசுகிறவர்கள் தங்களைக் கொர்யோ சாரம், அதாவது கொர்யோ மனிதர் என்று சொல்லிக்கொள்கிறார்கள். வடகொரியர் தம் நாட்டைச் சோசன் என்றும், தென்கொரியர் ஹங்குக் என்றும் அழைக்க, இவர்கள் இரண்டையும் விட்டுவிட்டு, 1392இல் முடிந்துபோன ஓர் அரச மரபின் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டது தற்செயலாக நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

1860களில் பஞ்சமும் நிலமின்மையும் துரத்த, ஹம்கியோங் உழவர்கள் துமென் ஆற்றைக் கடந்து ரஷ்யாவின் கிழக்குக் கோடிக்குப் போகத் தொடங்கினார்கள். 1910இல் ஜப்பான் கொரியாவை விழுங்கிய பிறகு விடுதலைப் போராளிகளும் அவ்வழியே வந்து சேர்ந்தார்கள். விளாடிவோஸ்டாக் நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் அவர்களுக்கென்று கொரியப் பள்ளிகள், செய்தித்தாள், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, நாடக அரங்கு எல்லாம் உருவாயின. அந்த வாழ்வு 1937 ஆகஸ்ட் 21 அன்று ஸ்டாலினும் சோவியத் பிரதமர் மொலொடோவும் கையெழுத்திட்ட ஓர் ஆணையோடு முடிந்தது. ஜப்பானிய உளவாளிகள் ஊடுருவுவதைத் தடுக்கவே கொரியர்களை அப்புறப்படுத்துவதாக ஆணை சொன்னது. ஜப்பானுக்கு அஞ்சி ஓடிவந்தவர்களையே ஜப்பானின் ஒற்றர்களாகக் கருதிய விந்தை அது. அக்டோபர் முடிவதற்குள் 124 ரயில்களில் 36,442 குடும்பங்களை, அதாவது 1,71,781 பேரை ஏற்றி அனுப்பிவிட்டதாக உள்துறை தன் கணக்கை முடித்தது. சரக்குப் பெட்டிகளில் ஒரு மாதத்துக்கு மேலாகப் பயணம் செய்தவர்கள், கஜகஸ்தானிலும் உஸ்பெகிஸ்தானிலும் குளிர் தொடங்கும் நேரத்தில் இறக்கிவிடப்பட்டார்கள்.

அல்மாட்டிக்கு வடக்கே உஷ்டோபே என்றொரு சிறு ரயில் நிலையம் இருக்கிறது. அங்கே இறக்கப்பட்டவர்கள் அருகிலுள்ள பாஸ்டோபே குன்றின் சரிவில் குழி தோண்டி, நாணலால் கூரை வேய்ந்து, முதல் குளிர்காலத்தைக் கழித்தார்கள். குழந்தைகளும் முதியவர்களும்தான் அதிகமாக இறந்தார்கள். குழிகளின் தடமும் கல்லறைகளும் இன்றும் அங்கே உள்ளன. பக்கத்திலேயே கஜக் மக்களுக்கு நன்றி சொல்லிக் கொரியர்கள் எழுப்பிய நினைவுக்கல்லும் நிற்கிறது. தாங்களே வறுமையில் இருந்த அந்த மக்கள் ரொட்டி கொடுத்ததால்தான் பிழைத்தோம் என்பது ஏறத்தாழ ஒவ்வொரு கொரியக் குடும்பத்திலும் சொல்லப்படும் கதை.

பாட்டிக்கு எழுத்துத் தெரியாததன் காரணம் அடுத்த ஆண்டில் இருக்கிறது. 1938இல் கொரியப் பள்ளிகள் அனைத்தும் ரஷ்ய மொழிப் பள்ளிகளாக மாற்றப்பட்டன. அவருக்கு இப்போது எண்பது வயது என்று வைத்துக்கொண்டாலும், கொரிய எழுத்தைப் பலகையில் எழுதிக் காட்டும் வகுப்பறையில் அவர் ஒருநாள்கூட உட்கார்ந்திருக்க வாய்ப்பில்லை. வீட்டில் கேட்டது கொர்யோ மார். அதற்கென்று எழுத்து வழக்கே கிடையாது. பள்ளி, வேலை, அரசு அலுவலகம், காதல் கடிதம் எல்லாமே ரஷ்ய மொழியில். இப்படி மொழி அடுக்களைக்குள் ஒடுங்கி, அடுக்களையில் இருந்தவர்கள் மறைந்தபோது அவர்களோடு பெரும்பாலும் போய்விட்டது.

கேள்வி: கேரட்டில் போய்க் கொரிய உணவா? நான் சமையல் தொழிலில் இருப்பவன். கொரியச் சமையல் நூல்கள் எதிலும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.
– இரா. கோ., சேலம்

பதில்: நீங்கள் பார்த்திருக்க முடியாது, ஏனென்றால் அண்மைக்காலம் வரை கொரியாவில் அதை யாரும் சாப்பிட்டதில்லை. கிம்ச்சிக்குரிய நீண்ட முட்டைக்கோசு மத்திய ஆசியாவில் எளிதில் கிடைக்கவில்லை. பிலா என்ற புலாவு வகைச் சோற்றுக்குப் போடும் கேரட்டோ மலைபோல் குவிந்து கிடந்தது. பெயரே அந்தச் சந்திப்பைச் சொல்லிவிடும்: கேரட்டுக்கு ரஷ்ய மொழியில் மர்கோவ், நீளமாக அரிந்த காய்க்கறிக்குக் கொரிய மொழியில் ச்சே, இவர்கள் வழக்கில் ச்சா. இரண்டும் சேர்ந்து மர்கோவ்ச்சா.

செய்முறையைச் சொன்னால் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். கேரட்டை நூல்போல நீளநீளமாகச் சீவி, உப்பும் சிறிது சர்க்கரையும் போட்டுப் பிசிறி, நீர்விட்டதும் வினிகர் சேர்க்கிறார்கள். அதன்மேல் நசுக்கிய பூண்டையும் மிளகாய்த் தூளையும் கொத்தமல்லி விதைத் தூளையும் குவித்துவைத்து, வெங்காயம் சிவக்கும்வரை காய்ச்சிய எண்ணெயை அந்தக் குவியலின் உச்சியில் சடசடவென்று ஊற்றுகிறார்கள். பிறகு கலந்து ஓர் இரவு ஊறவிடுகிறார்கள். மிளகாயும் பூண்டும் கொரியாவிலிருந்து வந்தவை, கொத்தமல்லி விதை மத்திய ஆசியாவின் கைவரிசை. சூடான எண்ணெயை மசாலாவின்மேல் கொட்டும்போது எழும் மணத்துக்குத் தமிழ்ச் சமையற்காரருக்கு விளக்கம் தேவையில்லை.

சோவியத் காலச் சந்தைகளின் வழியே அந்தப் பெரிய நாடு முழுவதும் பரவி, இன்று மாஸ்கோவின் கடைகளில் 'கொரியக் கேரட்' என்ற பெயரில் மசாலாப் பொட்டலமும், அதைச் சீவுவதற்கென்றே தனித் துருவியும் விற்கிற அளவுக்கு அது வளர்ந்துவிட்டது. ரஷ்யர்களுக்குக் கொரியச் சமையல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். ஆகவே அது அசல் கொரிய உணவு அல்ல என்று சொல்வீர்களானால் எனக்கு உடன்பாடில்லை. மூன்று தலைமுறையாக ஒரு கொரியக் குடும்பத்தின் விருந்திலும் துக்கத்திலும் இலையேறிய பண்டம் வேறு எந்த நாட்டுடையதாக இருக்க முடியும்?

கேள்வி: விக்டர் சோய் என்ற ரஷ்ய ராக் பாடகரின் பெரிய ரசிகன் நான். அவர் கொரியரா, ரஷ்யரா? அந்தப் பெயர் கொரியப் பெயர்போலவே இல்லையே?
– ஜெ. ஆ., புதுச்சேரி

பதில்: 1962இல் லெனின்கிராடில் பிறந்து, 1990இல் லாத்வியாவில் சாலை விபத்தில் மறைந்த சோயின் தாய் ரஷ்யர், தந்தை கஜகஸ்தானின் கிசில்ஓர்டா நகரில் பிறந்த கொரியர். சோய் என்பது கொரியாவில் மிகப் பரவலான ச்சே என்ற குடும்பப் பெயர்தான். ரஷ்ய எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதியது பரம்பரைக்கும் நிலைத்துவிட்டது. இந்தக் காது மயக்கத்தின் அழகான சான்று 'காய்' என்று முடியும் பெயர்கள். உயிரொலியில் முடியும் கொரியக் குடும்பப் பெயரோடு, குடும்பம் என்று பொருள்படும் 'கா' என்ற ஒட்டையும் ஓர் எழுவாய் உருபையும் சேர்த்து ஒரு முதியவர் சொல்லியிருப்பார்; எழுத்தர் முழுவதையும் பெயராகவே பதிந்துவிட்டார். அப்படித்தான் யூ என்பவர் யூகாய் ஆனார், நோ என்பவர் நோகாய் ஆனார், ஹோ என்பவர் ஹெகாய் ஆனார். கொரியாவில் இந்தப் பெயர்கள் கிடையாது. ஒருவரின் பெயர் 'காய்' என்று முடிந்தால், அவர் முன்னோர் சோவியத் மண்ணைக் கடந்தவர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

பாடகரின் முழுப்பெயர் விக்டர் ராபர்தோவிச் சோய். ரஷ்ய மரபுப்படி நடுவில் நிற்பது தந்தை பெயர். அந்தத் தந்தையோ ராபர்ட் மக்ஸிமோவிச். ஒரு குடும்பத்தில் பாட்டன் மக்ஸிம், மகன் ராபர்ட், பேரன் விக்டர் என்று முதற்பெயர்கள் எப்படி நகர்கின்றன என்று பாருங்கள். குடும்பப் பெயர் மட்டும் அசையவில்லை. ரஷ்யப் பெண்களைப் போலன்றி, கொரியப் பெண்கள் மணமான பின்னும் தம் பிறந்த வீட்டுப் பெயரை விடாததும் பல குடும்பங்களில் தொடர்ந்தது.

இதற்கும் அடியில் இன்னோர் அடுக்கு உண்டு. கொரியாவில் கிம் என்று சொன்னால் போதாது. எந்த ஊர்க் கிம் என்பதும் தெரிய வேண்டும். அந்த மூலத்துக்கு 'போன்' என்று பெயர். மரபுப்படி ஒரே போன் உடையவர்கள் மணந்துகொள்வதில்லை. கொரிய மொழியில் பத்து வரை எண்ணத் தெரியாத பல கொர்யோ சாரம் இளைஞர்களுக்கும் தங்கள் போன் எதுவென்று தெரிந்திருக்கும். கல்யாணப் பேச்சு வந்ததும் பாட்டி முதலில் கேட்டது அதுவாகத்தான் இருக்கும். மொழி போனாலும் மணமுறை நின்றது. யாரும் எழுதிப் படிக்க வேண்டாத காரியம் என்பதாலோ என்னவோ.

கேள்வி: ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு கொரிய நிறுவனத்தில் வேலை செய்கிறேன். நீங்கள் எழுதியதைச் சொல்லி, சியோலிலிருந்து வந்திருக்கும் என் மேலாளரிடம் இவர்களைப் பற்றிக் கேட்டேன். "அவர்கள் ரஷ்யர்கள்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். தென்கொரிய அரசு இவர்களைக் கொரியராக ஏற்கிறதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: சோவியத் கடவுச்சீட்டில் ஐந்தாவது வரி என்று ஒன்று இருந்தது, அதில் ஒவ்வொருவருடைய தேசிய இனமும் எழுதப்பட்டிருக்கும். உங்கள் மேலாளர் ரஷ்யர்கள் என்று தள்ளிவிட்ட மக்களின் சீட்டில், ரஷ்ய மொழி மட்டுமே பேசிய காலத்திலும், அந்த வரியில் 'கொரியர்' என்றுதான் இருந்தது. 1937இல் ரயிலேற்றப்பட்டதும் அந்த அடையாளத்துக்காகவே. அங்கே கொரியர் என்று விலக்கப்பட்டு, இங்கே ரஷ்யர் என்று கைகழுவப்படுவது அவர்களுக்குப் பழகிப்போன விஷயம்.

சட்டத்தின் கதை இன்னும் நீளமானது. சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு வேலை தேடிப் பலர் தென்கொரியாவை நோக்கினார்கள். 1999இல் தென்கொரியா வெளிநாடுவாழ் கொரியர் சட்டம் ஒன்றை இயற்றி, புலம்பெயர்ந்த தன் மக்களுக்குத் தங்கவும் தொழில் செய்யவும் சலுகைகள் வழங்கியது. ஆனால் அச்சட்டம் கொரியக் குடியரசின் குடியுரிமையை ஒரு காலத்தில் பெற்றிருந்தவர்களையும் அவர்கள் வழித்தோன்றல்களையும் மட்டுமே கணக்கில் எடுத்தது. அந்தக் குடியரசு பிறந்ததோ 1948இல். அதற்கு முன்பே நாட்டைவிட்டுப் போனவர்களுக்கு, அதாவது சீனாவுக்கும் ரஷ்யாவுக்கும் பஞ்சத்தாலும் ஜப்பானிய ஆட்சியாலும் விரட்டப்பட்டவர்களுக்கு, இடமில்லை. அமெரிக்காவுக்கு வசதி தேடிப் போனவர்களுக்கு இடமுண்டு. 2001இல் அரசமைப்பு நீதிமன்றம் இது சமத்துவத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்த பிறகு, 2004இல் சட்டம் திருத்தப்பட்டது.

அப்போதும் ஒரு முள் தங்கிவிட்டது. சட்டத்தின் கண்ணில் மூன்றாம் தலைமுறை வரையில்தான் 'வெளிநாடுவாழ் கொரியர்'; நான்காம் தலைமுறையினர் அயலார். பெற்றோரோடு சிறுவயதில் தென்கொரியாவுக்கு வந்து, அங்கேயே பள்ளியில் படித்து, வீட்டில் எவருக்கும் வாய்க்காத சியோல் கொரிய மொழியை நன்றாகப் பேசக் கற்ற பிள்ளை, 19 வயது நிரம்பியதும் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. தாய்க்குத் தங்க உரிமை உண்டு. அவளைவிடக் கொரிய மொழி தெரிந்த மகனுக்குக் கிடையாது. 2019 ஜூலையில்தான் விதி திருத்தப்பட்டுத் தலைமுறைக் கணக்கு நீக்கப்பட்டது. இரத்தத்தைத் தலைமுறை எண்ணி அளக்கிற வேலையை எந்த அரசு செய்தாலும் அது இப்படிப்பட்ட கோணலில்தான் போய் நிற்கும் என்பது என் எண்ணம்.

இன்று குவாங்ஜு நகரின் வொல்கோக் பகுதி, ஆன்சான், இஞ்சோன் ஆகிய இடங்களில் இவர்கள் செறிந்து வாழ்கிறார்கள். கடைப் பலகைகள் ரஷ்ய எழுத்தில். ரொட்டிக்கடையில் தந்தூர் அடுப்பில் சுட்ட உஸ்பெக் ரொட்டி. தட்டில் அதே கேரட். பாட்டன்மாருக்குக் கிடைக்காத கொரியப் பள்ளி பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது, ஆனால் அங்கே அவர்கள் மொழி புரியாத புதிய மாணவர்கள். வகுப்பில் ரஷ்ய மொழி பேசும் கூட்டமாக ஒதுங்கி உட்காரும் பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்கள் கவலைப்படுகிறார்கள்.

உங்கள் மேலாளருக்குச் சொல்ல ஒரு பெயர் தருகிறேன்: ஹோங் பொம்-தோ. 1920இல் மஞ்சூரியாவில் ஜப்பானியப் படையை முறியடித்த இந்தத் தளபதியைத் தென்கொரியாவில் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அவரும் 1937இல் ரயிலேற்றப்பட்டவர்தான். கிசில்ஓர்டாவில் கொரிய நாடக அரங்கின் காவலாளியாக வேலை செய்து, தம் வாழ்க்கையையே நாடகமாக அந்த மேடையில் பார்த்துவிட்டு, 1943இல் இறந்தார். 2021 ஆகஸ்டில் அவர் எச்சங்களைத் தென்கொரிய அரசு முழு மரியாதையோடு கொண்டுவந்து தேஜோன் தேசிய இடுகாட்டில் புதைத்தது. இரண்டே ஆண்டில், அவர் சோவியத் கம்யூனிஸ்டுக் கட்சியில் உறுப்பினராக இருந்தவர் என்று சொல்லி, இராணுவ அகாதமியிலிருந்து அவர் சிலையை அகற்ற வேண்டும் என்ற சர்ச்சை கிளம்பியது. செத்தும் அவருக்கு ஐந்தாவது வரி ஓயவில்லை.

கேள்வி: அந்த நாடக அரங்கும் செய்தித்தாளும் இன்னும் இருக்கின்றனவா? படிக்கவும் கேட்கவும் ஆளில்லாத மொழியில் அவை எப்படி நடக்கின்றன?
– மொழியாசிரியர் ஒருவர், மதுரை

பதில்: இரண்டும் இருக்கின்றன. 1923இல் விளாடிவோஸ்டாக்கில் தொடங்கிய செய்தித்தாள், நாடுகடத்தலுக்குப் பின் 1938இல் கிசில்ஓர்டாவில் லெனின் கிச்சி, அதாவது லெனின் கொடி என்ற பெயரில் மறுபிறவி எடுத்தது. பின்னர் அல்மாட்டிக்கு வந்து, 1991 முதல் கொர்யோ இல்போ என்று வெளிவருகிறது. பள்ளியில் மொழியைத் தடுத்துவிட்டுச் செய்தித்தாளை மட்டும் அனுமதித்த சோவியத் ஆட்சியின் கணக்கு எனக்குப் புரிந்ததில்லை. விளைவு எளிது: ஆண்டுதோறும் வாசகர்கள் மறைந்தார்கள், புதியவர்கள் வரவில்லை. இன்று அந்தத் தாளின் பெரும்பகுதி ரஷ்ய மொழியிலும் சில பக்கங்கள் மட்டும் கொரிய மொழியிலும் அச்சாகின்றன.

நாடக அரங்கு 1932இல் பிறந்தது. அதுவும் கிசில்ஓர்டா, உஷ்டோபே என்று அலைந்து 1968இல் அல்மாட்டியில் நிலைகொண்டது. மேடையில் நடிகர்கள் கொரிய மொழியில் பேசுவார்கள். அரங்கிலிருப்பவர்கள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ரஷ்ய மொழிபெயர்ப்பைக் கேட்பார்கள். இளம் நடிகர்களிலும் பலர் வசனத்தை மனப்பாடம் செய்துதான் பேசுகிறார்கள். இதைக் கேலியாகச் சொல்லவில்லை, ஐயா. அன்றாடத்தில் வழங்காத மொழியை மேடையில் உயிரோடு வைத்திருப்பது கோவிலில் பண் பாடுவதைப் போன்ற ஒரு காரியம். பாடுகிறவர் ஊதியத்துக்குப் பாடினாலும் பண் நிற்கிறது.

ஆசிரியரான உங்களுக்கு ஆர்வமூட்டக்கூடியது இதற்கு அடுத்த கட்டம். 1991இல் தென்கொரிய அரசு அல்மாட்டியில் ஒரு கல்வி மையத்தைத் திறந்தது. கொரிய மொழி கற்கப் பேரப்பிள்ளைகள் போகிறார்கள். கொரியப் பாடல்களில் மயங்கிய கஜக் பிள்ளைகளும் அதே வகுப்பில் உட்காருகிறார்கள். கற்பிக்கப்படுவது சியோல் வழக்கு. அந்தக் கொரிய மொழியைக் கற்றுக்கொண்டு வீட்டுக்கு வந்து பாட்டியிடம் பேசினால், பாட்டிக்குப் பாதி புரியாது. பாட்டி பேசும் கொர்யோ மாரைப் பேத்தி தவறான உச்சரிப்பு என்று திருத்தவும் கூடும். மொழியை மீட்க எடுத்த முயற்சியே எஞ்சியிருந்த வழக்கின்மேல் மண்ணைப் போடுகிறது. பேத்தியைக் குறை சொல்ல மாட்டேன்; சம்பளம் தருவது சியோல் வழக்குதான். ஆனால் கல்வி மையங்கள் வாரத்தில் ஒரு மணி நேரம் ஒரு பாட்டியை வகுப்பில் உட்காரவைத்துப் பேசவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கத் தோன்றுகிறது.

கஜகஸ்தானில் இப்போது பள்ளியிலும் அரசுப் பணியிலும் கஜக் மொழியின் இடம் பெருகிவருகிறது. எனவே இன்றைய கொரியப் பிள்ளைக்கு வீட்டில் ரஷ்யம், பள்ளியில் கஜக், கைப்பேசியில் சியோல் கொரியம். கொள்ளுப்பாட்டன் ரயிலில் கொண்டுவந்தது நான்காவது மொழி.

கேள்வி: தமிழ் இளவரசி ஒருத்தி கடல் கடந்து போய்க் கொரிய மன்னனை மணந்தாளாமே? அப்படியானால் இந்தக் கொரியர்களும் நம் உறவினர்தாமே?
– த. வே., நாகப்பட்டினம்

பதில்: 13ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ஒரு கொரிய நூல், கி.பி. 48இல் ஆயுதா என்ற நாட்டிலிருந்து மரக்கலமேறி வந்த ஹோ ஹ்வாங்-ஓக் என்ற இளவரசி, காயா நாட்டு மன்னன் சூரோவை மணந்ததாகச் சொல்கிறது. ஆயுதா அயோத்தி என்பார் ஒருபுறம், தமிழகத்துக் கரை என்பார் மறுபுறம். இரண்டுக்கும் உறுதியான சான்று இல்லை. அம்மா, அப்பா என்ற சொற்கள் ஒத்திருப்பதைச் சான்றாக நீட்டாதீர்கள். குழந்தைகளின் வாய் உலகெங்கும் அப்படித்தான் திறக்கிறது. ஆனால் கிம்ஹே ஊரைப் போனாகக் கொண்ட கிம்களும் ஹோக்களும் இன்றும் அந்த அரசியைத் தம் முதல் தாயாகக் கொள்கிறார்கள். ஆகவே தாஷ்கண்டில் ஹெகாய் என்ற பெயருள்ள ஒருவரைச் சந்தித்தால், அவர் போன் எதுவென்று கேட்டுப் பாருங்கள். கிம்ஹே என்றால், குடும்ப மரபின்படி அவர் பாட்டி கடல் வழியாக வந்தவர். அதற்குமேல் நான் உறுதி தர மாட்டேன்.

கேள்வி: முதல் கேள்வியை எழுதிய நானே மீண்டும் எழுதுகிறேன். அந்தப் பாட்டி தம் கொள்ளுப்பேரனின் முதல் பிறந்தநாளுக்கு என் மகளை அழைத்திருக்கிறார். அவள் சைவம். என்ன கொண்டுபோக வேண்டும், எப்படி நடந்துகொள்ள வேண்டும்?
– ச. மீ., திருநெல்வேலி

பதில்: அது சாதாரணப் பிறந்தநாள் அல்ல, அம்மா, அதற்கு அஸ்யாந்தி என்று பெயர். கொர்யோ சாரம் வாழ்வில் மூன்று மேசைகள் முக்கியம்: முதல் ஆண்டு நிறைவு, திருமணம், அறுபதாம் ஆண்டு. முதல் மேசை போடாதவருக்கு மற்ற இரண்டையும் போடக்கூடாது என்று நம்புகிற குடும்பங்களும் உண்டு. மொழியை இழந்த வீடுகளிலும் இந்த மேசை விடுபடுவதில்லை.

சடங்கை நண்பகலுக்கு முன்பே முடித்துவிடுவார்கள். ஆகவே மாலை விருந்துதானே என்று தாமதமாகப் போக வேண்டாம். குழந்தையின் முன்னால் அரிசி, நூல், கத்தரிக்கோல், புத்தகம், பேனா, பணம் ஆகியவற்றைப் பரப்பி வைப்பார்கள். அது முதலில் எடுக்கும் மூன்று பொருள்களைக் கொண்டு எதிர்காலத்தைக் கணிப்பார்கள்: புத்தகம் கல்வி, நூல் நீண்ட ஆயுள், கத்தரிக்கோல் கைத்திறன். குழந்தை பணத்தைப் பிடித்தால் கைதட்டல் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். பரிசாக உறையில் பணம் வைத்துத் தரலாம். பெரியவர்களிடம் எதையும் இரண்டு கையாலும் கொடுக்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் எச்சரிக்கை வேண்டும். குக்ஸி என்ற குளிர்ந்த நூடுல்ஸ் குழம்பிலும், பிகோதி என்ற ஆவிக் கொழுக்கட்டையிலும் இறைச்சி இருக்கும். கேரட்டில்கூடச் சில வீடுகளில் இறைச்சித் துண்டுகளைக் கலப்பார்கள், கேட்டுவிட்டுச் சாப்பிடட்டும். அவளுக்கு ஏற்றவை இரண்டு. ஒன்று, பசையரிசியை இடித்துச் செய்து சிவப்புப் பயற்றுத் தூளில் புரட்டும் சார்த்தோகி. மற்றது சிம்ஃபெனி: அரிசி மாவைப் புளிக்கவைத்து ஆவியில் வேகவைக்கும் வெள்ளைப் பண்டம். அல்மாட்டியில் ஆறு மாதமாக இட்லி காணாதவளுக்கு அதைப் பார்த்ததும் என்ன தோன்றும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

இன்னொன்று. தொடர்களில் கேட்ட பழக்கத்தில் பாட்டியை ஹல்மோனி என்று கூப்பிட வேண்டாம். அவர் ஊர் வழக்கில் பாட்டிக்கு அமே என்று சொல்வார்கள். அப்படி அழைக்கச் சொல்லுங்கள்.